ஜனவரியில் லாஃபயெட், லிங்கன்: எந்தப் பாதையில் ஏறுவது, எங்கே திரும்புவது?

நாஷுவா_நடை எழுதியது:

வணக்கம். ஜனவரி மூன்றாம் வாரம் ஒரு சனிக்கிழமை, நாங்கள் நான்கு பேர் நியூ ஹாம்ப்ஷயரின் ஃப்ரான்கோனியா முகட்டில் லாஃபயெட் (5,249 அடி), லிங்கன் (5,089 அடி) இரண்டையும் ஒரே நாளில் ஏறலாம் என்று இருக்கிறோம். கோடையில் இந்தச் சுற்று நால்வருக்கும் பழக்கம்தான். காட்டுக்குள் பனிநடையும் தெரியும். குளிர்காலத்தில் மர எல்லைக்கு (மரம் வளர்வது நிற்கும் உயரத்துக்கு) மேலே போவது மட்டும் இதுதான் முதல் தடவை.

கோடையில் செய்வதுபோல ஃபாலிங் வாட்டர்ஸ் பாதையில் ஏறி, முகட்டில் வடக்கே நடந்து, ஓல்டு பிரைடில் பாதையில் இறங்குவதா? இல்லை, தலைகீழாகப் போவதா? காற்று எவ்வளவு இருந்தால் போகலாம், எவ்வளவு இருந்தால் விட்டுவிட வேண்டும்? காலுக்கு மைக்ரோஸ்பைக் (பூட்ஸ் மேல் இழுத்து மாட்டும், சிறு பல் வைத்த சங்கிலி) போதுமா?

---

வெண்மலை_48 எழுதியது:

முதலில் தூரத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். முழுச் சுற்று ஏறக்குறைய 8.9 மைல், மொத்த ஏற்றம் 3,900 அடி. ஃபாலிங் வாட்டர்ஸ் வழியாக லிட்டில் ஹேஸ்டாக் (4,760 அடி) வரை 3.2 மைல். அங்கிருந்து லிங்கன் 0.7 மைல், லிங்கனிலிருந்து லாஃபயெட் சுமார் 1 மைல். லாஃபயெட்டிலிருந்து மலையேறிகள் தங்கும் கிரீன்லீஃப் குடில் 1.1 மைல், குடிலிலிருந்து கார் நிறுத்தம் 2.9 மைல்.

சுற்றாகத்தான் போவது என்றால் கோடைத் திசையே சரி. காரணம் ஃபாலிங் வாட்டர்ஸ் பாதையின் செங்குத்து. கிளவுட்லேண்ட் அருவியை ஒட்டிப் போகும் படிக்கட்டு போன்ற பகுதியில் ஜனவரியில் கல்லே தெரியாது. பாறையிலிருந்து கசியும் தண்ணீர் நாளுக்கு நாள் உறைந்து, பாதையின் குறுக்கே பானை வயிறுபோலப் புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பு ஓடைப் பக்கமாகச் சரிந்திருக்கும். ஏறும்போது க்ராம்பானின் (பூட்ஸில் மாட்டும், நீளப் பல் வைத்த சட்டம்) முன்பற்களைக் குத்தி ஏறிவிடலாம். இறங்கும்போது, களைத்த முழங்காலோடு, மாலை வெளிச்சத்தில், அதன் மேல் குதிகாலை வைக்க வேண்டியிருக்கும். இந்தப் பாதையில் வழுக்கல் பெரும்பாலும் இறக்கத்தில்தான்.

இன்னொன்று: இந்தப் பாதை டிரை புரூக் ஓடையைப் பல இடங்களில் கடக்கிறது, அங்கே பாலம் கிடையாது. ஜனவரி நடுவில் இரண்டு நாள் வெப்பம் ஏறி மழை பெய்தால் ஓடை திறந்துகொள்ளும். மேலே பனிப்பாலம் இருக்கும், அடியில் தண்ணீர் அதை அரித்திருக்கும். பூட்ஸ் நனைந்தால் அன்றைய பயணம் அதோடு முடிந்தது. எனவே முந்தின மூன்று நாள் வானிலையில் மழை இருந்தால் ஃபாலிங் வாட்டர்ஸை அன்று தொடவே வேண்டாம்.

---

மர_எல்லை எழுதியது:

மேலே சொன்ன விவரம் எல்லாம் சரி, முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. மர எல்லைக்கு மேல் முதல் தடவை போகிறவர்களுக்குச் சுற்றே வேண்டாம். ஓல்டு பிரைடில் பாதையில் ஏறுங்கள், அதே வழியில் இறங்குங்கள்.

குளிர்காலத்தில் பக்கத்துப் பக்கத்து உச்சிகளுக்குப் பாதை தேர்வு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது திரும்பும் இடம். தூரமும் ஏற்றமும் அதற்குப் பிறகுதான். சுற்றுப் பாதையில் லிட்டில் ஹேஸ்டாக்கில் மரங்கள் முடிகின்றன. அங்கிருந்து குடில் வரை 2.8 மைல். நடுவே லிங்கன், லாஃபயெட் இடையே உள்ள பள்ளத்தில் கொஞ்சம் குட்டை மரங்கள், கடைசியில் குடிலுக்கு மேலே கொஞ்சம் புதர். மற்றபடி காற்றுக்கு மறைப்பே இல்லை. லிங்கனைத் தாண்டிய பிறகு முன்னே போனாலும் பின்னே போனாலும் ஏறக்குறைய ஒரே தூரம். அங்கே ஒருவருக்குக் கை மரத்துவிட்டால் உங்களிடம் நல்ல வழி என்று ஒன்றும் இல்லை. மேற்கே கீழே சாலை தெரியும், கிட்டத்தில் இருப்பதுபோலவும் தோன்றும். அந்தப் பக்கம் இறங்கினால் லிங்கன்ஸ் த்ரோட் போன்ற பனிச்சரிவு விழும் ஓடைப் பள்ளங்கள். கிழக்கே இறங்கினால் பெமிஜவாசெட் காடு, சாலைக்கு வர பல மைல்.

ஓல்டு பிரைடில் பாதையில் போய்வருவதில் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பலாம். முதல் கட்டம் பள்ளத்தாக்கைப் பார்க்கும் பாறைத் திட்டுகள். அங்கேயே முகடு முழுக்கத் தெரியும். முகட்டின் மேல் பனிப்புகை கிழக்கே வழிந்தோடுவது தெரிந்தால் மேலே காற்று பலம். இரண்டாவது கட்டம் 4,220 அடியில் உள்ள குடில். மூன்றாவது கட்டம் குடிலுக்கு மேலே புதர் முடியும் இடம். நான்காவது லாஃபயெட் உச்சி. லாஃபயெட் மட்டும் என்றால் போக வர 8 மைல், 3,500 அடி. உச்சியில் நின்று எல்லாம் சரியாக இருந்தால் லிங்கன் போய்வர இன்னும் 2 மைல் சேரும். இரண்டாவது உச்சியை முதல் உச்சியில் நின்று முடிவு செய்யுங்கள், வீட்டில் உட்கார்ந்து வேண்டாம்.

குடில் குளிர்காலத்தில் பூட்டித்தான் இருக்கும். சுவர் மறைவு கிடைக்கும், அவ்வளவுதான். அதை ஒதுங்கும் இடமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

---

வெண்மலை_48 எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவை என்ற வரியைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். அவர்களுக்குப் போய்வருவதே சரி. ஆனால் அந்தப் பாதையில் சுற்றில் இல்லாத ஒரு ஏமாற்று உண்டு. குடிலிலிருந்து உச்சிக்குக் கிழக்கே ஏறுகிறோம். இங்கே குளிர்காலக் காற்று பெரும்பாலும் மேற்கு, வடமேற்கு. ஏறும்போது முதுகில் அடிக்கும், உடம்பும் சூடாக இருக்கும், "இவ்வளவுதானா" என்று தோன்றும். இறங்கும்போது அதே காற்று நேரே முகத்தில். லிங்கன் போனாலும் இதே கதைதான்: தெற்கே போகையில் முதுகில், திரும்பி வடக்கே வருகையில் இடது கன்னத்தில்.

குடிலுக்கு மேலே புதர் முடிகிற இடத்தில் நின்று மேற்கே திரும்பி, காற்றைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் நில்லுங்கள். மூக்கும் கன்னமும் தாங்குகிறதா, காகிள்ஸ் (காற்றும் பனியும் படாமல் கண்ணை மூடும் கண்ணாடி) வழியாகக் கண் தெரிகிறதா, கூட்டாளி சொல்வது காதில் விழுகிறதா என்று பாருங்கள். இறங்கும்போது இதைவிட மோசமாக இருக்கும், அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். அந்த ஒரு நிமிடம் பிடிக்கவில்லை என்றால் அங்கேயே திரும்ப வேண்டியதுதான்.

---

நாஷுவா_நடை எழுதியது:

மிகவும் பயனுள்ள பதில்கள், நன்றி. காற்றின் அளவைப் பற்றி யாராவது எண்ணாகச் சொல்ல முடியுமா? எந்த முன்னறிவிப்பைப் பார்ப்பது என்பதிலும் குழப்பம். செல்போன் ஆப் காட்டுவது அடிவாரத்து ஊருக்கானது என்று தெரிகிறது.

---

திசைகாட்டி எழுதியது:

மவுண்ட் வாஷிங்டன் வானிலை ஆய்வகம் தினமும் வெளியிடும் ஹையர் சம்மிட்ஸ் முன்னறிவிப்பைப் பாருங்கள். உயர்ந்த உச்சிகளுக்கு என்றே எழுதுவது அது. லாஃபயெட் அந்த ஆய்வகம் இருக்கும் உச்சியிலிருந்து ஏறக்குறைய 20 மைல் தள்ளி, 1,000 அடி தாழ்வு. அதனால் காற்று கொஞ்சம் குறையலாம், குறையும் என்று நம்பித் திட்டம் போட வேண்டாம். அதே ஆய்வகம், வாஷிங்டன் மலைமேல் ஏறும் ஆட்டோ ரோட்டில் வெவ்வேறு உயரத்தில் வைத்திருக்கும் கருவிகளின் வெப்ப அளவும் இணையத்தில் கிடைக்கிறது. 4,000 அடிக்கும் 5,300 அடிக்கும் என்ன வித்தியாசம் என்று புறப்படும் காலையில் பார்த்துக்கொள்ளலாம். பொதுக் கணக்கு: 1,000 அடிக்கு 3 முதல் 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். கார் நிறுத்தம் சுமார் 1,780 அடி. அங்கே 15 டிகிரி என்றால் உச்சியில் 0-வை ஒட்டி இருக்கும்.

அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் விண்ட் சில் (காற்றோடு சேர்ந்து உணரும் குளிர்) அட்டவணைப்படி 0 டிகிரியில் மணிக்கு 30 மைல் காற்று அடித்தால் உணர்வது மைனஸ் 26. திறந்த தோலில் 30 நிமிடத்தில் பனிக்கடி. மைனஸ் 10 டிகிரியில் 40 மைல் என்றால் மைனஸ் 43, 10 நிமிடம்தான். முதல் தடவைக்கு நான் வைக்கும் வரம்பு: முகட்டில் நீடித்த காற்று 25 மைலுக்குள், விண்ட் சில் மைனஸ் 15-க்கு மேல், உச்சி மேகத்துக்கு வெளியே. மூன்றும் வேண்டும். பழகியவர்கள் 35, 40 வரை போகிறார்கள். 40-க்கு மேல் நடையே தடுமாறும், வீச்சு 60 தொட்டால் நின்ற இடத்தில் தள்ளிவிடும்.

முன்னறிவிப்பில் "மதியத்துக்கு மேல் காற்று வலுக்கும்" என்று இருந்தால் காலை அமைதியை நம்பவே கூடாது. குளிர்முகப்பு கடக்கும் நாட்களில் இங்கே இரண்டு மணி நேரத்தில் எல்லாம் மாறிவிடும். 2015 பிப்ரவரியில் இதே மாநிலத்தில் மேடிசன், ஆடம்ஸ் பக்கம் தனியாகப் போன ஒருவர் இறந்தது அப்படி ஒரு நாளில்தான். மோசமான காற்றும் குளிரும் வரும் என்பது முன்னறிவிப்பிலேயே இருந்தது.

இனி வழி கண்டுபிடிப்பது. லாஃபயெட் உச்சியில் பழைய கட்டிடம் ஒன்றின் கல் அஸ்திவாரம் இருக்கிறது. மறைவாக உட்காரவும் அடையாளத்துக்கும் அது உதவும். அங்கிருந்து மூன்று வழி பிரிகிறது: தெற்கே லிங்கன், மேற்கே குடில், வடக்கே கார்ஃபீல்டு. வழிகாட்டிப் பலகையை உறைபனி மூடியிருந்தால் எழுத்து தெரியாது. ஐஸ் ஆக்ஸ் பிடியாலோ கம்பாலோ தட்டிப் படித்துவிட்டு நகருங்கள். வடக்கே தவறிப் போனால் ஒதுங்க இடமில்லாமல் நீளமாகப் போகும். மேற்கே இறங்கும்போது வலப்பக்கம் விலகினால் லாஃபயெட் புரூக் பள்ளம், இடப்பக்கம் விலகினால் வாக்கர் பள்ளம். இரண்டிலும் இடுப்பளவு பனியும் அடர்ந்த ஊசியிலை மரமும்தான்.

ஏறும்போதே வழி காட்டும் ஒவ்வொரு கற்குவியலிலும் திரும்பிப் பார்த்து, அடுத்த கீழ்க் குவியல் எந்தத் திசையில் தெரிகிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் தடத்தைப் பதிவு செய்யுங்கள். போனை உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள். வெளிப்பையில் வைத்த போன் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும். தாள் வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம். இங்கே காந்த விலகல் (திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) சுமார் 14 டிகிரி மேற்கு. அதைத் திசைகாட்டியில் முன்பே சரிசெய்துகொண்டு கிளம்புங்கள், முகட்டில் கையுறையைக் கழற்றிச் செய்யும் வேலையல்ல அது.

---

பனிக்காலணி எழுதியது:

காலுக்கு என்ன என்ற கேள்விக்கு: மூன்றும் வேண்டும். ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்க பூட்ஸில் மாட்டும் அகலத் தட்டு), மைக்ரோஸ்பைக், க்ராம்பான்.

பாதை நன்றாக மிதிபட்டு இறுகியிருந்தால் கீழே மைக்ரோஸ்பைக் போதும். புதுப்பனி விழுந்திருந்தால் ஸ்னோஷூ. வெறும் பூட்ஸில் நடந்து முழங்கால் ஆழக் குழி போட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்தக் குழிகள் இரவில் இறுகிவிடும், அடுத்த நாள் வருகிறவரின் கணுக்கால் திரும்பும். நியூ யார்க் மாநிலத்து ஆடிரான்டாக் உயர்மலைப் பகுதியில் 8 அங்குலத்துக்கு மேல் பனி இருந்தால் ஸ்னோஷூவோ ஸ்கீயோ சட்டப்படியே கட்டாயம். இங்கே சட்டம் இல்லை என்பதால் மரியாதையும் இல்லை என்றாகாது. ஓல்டு பிரைடிலில் குடிலுக்கு முன்னால் வரிசையாக வரும் மூன்று செங்குத்து மேடுகளில், குதிகாலைத் தூக்கி நிறுத்தும் கம்பி வைத்த ஸ்னோஷூ கெண்டைக்கால் வலியைப் பாதியாக்கும்.

மேலே முகட்டில் காற்று பனியை அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது பாறை, உறைபனி, கடினமான பனித்தகடு. அங்கேதான் க்ராம்பான். 10 அல்லது 12 பல், இரும்பு, உங்கள் பூட்ஸுக்கு வீட்டிலேயே அளவு பார்த்து இறுக்கியது. அலுமினியம் வேண்டாம், பாறையில் மழுங்கிவிடும். பல்லுக்கு அடியில் பனிக்கட்டி ஒட்டாமல் இருக்க ரப்பர் தகடு உண்டா என்றும் பாருங்கள். மைக்ரோஸ்பைக்கில் ஈரப்பனி உருண்டையாக ஒட்டிக்கொண்டால் பல் தரையையே தொடாது. பத்தடிக்கு ஒருமுறை கம்பால் தட்ட வேண்டியிருக்கும்.

மாற்றும் இடம் முக்கியம். குடில் சுவருக்குப் பின்னால் மாற்றுங்கள், அதற்கு மேலே போய் மாற்றுவதாக வைத்துக்கொள்ளாதீர்கள். பையைக் கீழே வைத்து அதன் மேல் முழங்காலை ஊன்றுங்கள், காற்றில் பறக்காது. முதலில் வெளிச் சட்டை, பிறகு பாலக்லாவா (தலையும் முகமும் மூடும் குல்லா), காகிள்ஸ், கடைசியாகக் க்ராம்பான். மெல்லிய உள்கையுறையோடே வார் மாட்டப் பழகுங்கள். கழற்றிய மிட்டனை (விரல் பிரியாத தடித்த கையுறை) தரையில் வைக்காமல் சட்டைக்குள் போடுங்கள். மிட்டனுக்கு மணிக்கட்டுக் கயிறு இருக்கட்டும், ஆளுக்கு ஒரு ஜோடி கூடுதலாகவும் இருக்கட்டும். முகட்டில் ஒரு மிட்டன் பறந்துவிட்டால் அந்தக் கைக்கு மாற்று வழி இல்லை.

காகிள்ஸை ஒருபோதும் நெற்றியில் ஏற்றி வைக்காதீர்கள். நெற்றி வியர்வை உள்பக்கம் படிந்து உடனே உறையும். உறைந்த காகிள்ஸை மேலே வைத்துச் சரிசெய்யவே முடியாது. மூச்சு மேலே போகாதபடி மூக்குக்குக் கீழே துணியைத் தளர்த்தி விடுங்கள்.

தண்ணீர்: குழாய் வைத்த பை வேண்டாம், குழாய் முதலில் உறையும். அகல வாய் பாட்டிலில் சூடான தண்ணீர் ஊற்றி, கம்பளிக் காலுறைக்குள் போட்டு, தலைகீழாகப் பையில் வையுங்கள். ஐஸ் மேல்பக்கம்தான் முதலில் கட்டும். நிமிர்த்தும்போது மூடி திறக்கும்.

---

நாஷுவா_நடை எழுதியது:

எங்கள் திட்டத்தை மாற்றிவிட்டோம். ஓல்டு பிரைடிலில் போய்வருவது. காலை 8 மணிக்குக் கிளம்பினால் போதுமா? இந்தத் தேதியில் வரம்புக்கு மேல் காற்று இருந்தால் அன்று வேறு எங்கே போகலாம்?

---

மர_எல்லை எழுதியது:

8 மணி தாமதம். வழிகாட்டி நூல் கணக்கு மைலுக்கு 30 நிமிடம், ஆயிரம் அடி ஏற்றத்துக்கு இன்னொரு 30 நிமிடம். லாஃபயெட் போய்வர 8 மைல் என்றால் 4 மணி, ஏற்றத்துக்கு 1 மணி 45 நிமிடம், மொத்தம் 5 மணி 45. குளிர்காலத்தில் இதை 1.3-ஆல் பெருக்குங்கள், ஏழரை மணி. லிங்கனும் சேர்ந்தால் பத்து மணி நேரத்தை நெருங்கும். ஜனவரியில் சூரியன் 7:20 வாக்கில் உதித்து மாலை நாலரை வாக்கில் மறைந்துவிடும். 6:00-க்கு நெற்றி விளக்கோடு கிளம்புங்கள். காட்டுக்குள் இருட்டில் ஏறுவது எளிது, முகட்டில் இருட்டில் இறங்குவது ஆபத்து. 9:30-க்குள் குடில், 11:00-க்குள் லாஃபயெட். 11:00-க்கு உச்சியில் இல்லையென்றால் அன்று லிங்கன் கிடையாது. 12:00-க்கு எங்கே நின்றாலும் திரும்பிவிடுங்கள். இந்த மூன்று நேரத்தையும் நால்வரும் காரிலேயே ஒத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது உடம்பு லேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிடத்தில் சூடாகும். வியர்த்தால் சட்டையைக் குறையுங்கள்; காட்டில் நனைந்த உள்சட்டை முகட்டில் ஹைப்போதெர்மியாவில் (உடல் வெப்பம் ஆபத்தாகக் குறைவதில்) கொண்டுபோய் விடும். நால்வருக்கும் சேர்த்து ஒரு தூக்கப்பை, ஒரு பிவி உறை (தூக்கப்பைக்கு மேல் போடும் நீர்புகா உறை), உட்கார ஒரு நுரைப்பாய் கட்டாயம். கால் சுளுக்கிய ஒருவர் மீட்புக்குழு வரும்வரை பல மணி நேரம் பனியில் கிடக்க நேரும்.

காற்று அதிகம் என்றால் மாற்று இடம் பியர்ஸ் (4,310 அடி). கிராஃபோர்டு பாதையில் 3 மைல் சொச்சம், 2,400 அடி ஏற்றம். உச்சிக்குக் கிட்டே வரும்வரை அடர்ந்த காடு. 1819-இல் வெட்டிய பாதை, சாய்வு சீராக இருக்கும். பக்கத்து உச்சி ஐசன்ஹவர் (4,760 அடி) அங்கிருந்து ஒன்றரை மைல். அதில் பெரும்பகுதி திறந்தவெளி. அங்கேயும் இதே முறை: காடு முடியும் சந்திப்பில் நின்று ஐசன்ஹவரின் மொட்டைத் தலை தெரிகிறதா என்று பாருங்கள், தெரியாவிட்டால் பியர்ஸோடு போதும். வரைபடத்தில் ஐசன்ஹவருக்கு எட்மண்ட்ஸ் பாதை குறுக்கு வழியாகத் தெரியும். அதை நம்பாதீர்கள், அதன் தொடக்கத்துக்குப் போகும் மவுண்ட் கிளின்டன் சாலை குளிர்காலத்தில் மூடியிருக்கும், இரண்டு மைலுக்கு மேல் சாலையில் நடக்க வேண்டும்.

---

திசைகாட்டி எழுதியது:

உண்மையில் பியர்ஸ், ஐசன்ஹவரை முதலிலும் லாஃபயெட்டைப் பிறகும் வைத்தால் இன்னும் நல்லது. மர எல்லைக்கு மேல் க்ராம்பான், காகிள்ஸ், மிட்டன் எல்லாம் எப்படி வேலை செய்கின்றன என்று திரும்புவது எளிதான இடத்தில் தெரிந்துகொள்ளலாம். வாஷிங்டன், மன்றோ ஜோடியை இந்தப் பருவத்தில் யோசிக்க வேண்டாம். அமோனூசக் பாதையில் ஜெம் குளத்துக்கு மேலே ஓடைப் பாறைகள் முழுக்க ஐஸாகிவிடும், அது வேறு தரத்து ஏற்றம்.

இந்த மாநிலத்தின் 4,000 அடிக்கு மேற்பட்ட 48 உச்சிகளின் குளிர்காலப் பட்டியலில் சேர்ப்பதாக இருந்தால் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்: டிசம்பர் கதிர்த் திருப்பத்திலிருந்து மார்ச் சமநாள் வரை ஏறியதுதான் கணக்கு. பனி இருக்கிறதா என்பது கணக்கில் வராது.

---

நாஷுவா_நடை எழுதியது:

முடிவாக: முதல் சனிக்கிழமை பியர்ஸ், காற்று விட்டால் ஐசன்ஹவர். அடுத்த வாரம் லாஃபயெட், 11 மணிக்கு உச்சியில் நின்று லிங்கனை முடிவு செய்வோம். மீட்புச் செலவுக்கான ஹைக் சேஃப் அட்டை நால்வரும் வாங்க வேண்டுமா?

---

பனிக்காலணி எழுதியது:

ஆளுக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35. ஒரே வீட்டுக் குடும்பம் இல்லையென்றால் தனித்தனியாக வாங்குங்கள். மீட்புச் செலவை நியூ ஹாம்ப்ஷயர் ஃபிஷ் அண்ட் கேம் துறை உங்களிடம் கேட்கும் நிலை வந்தால் உதவும். பொறுப்பில்லாமல் வேண்டுமென்றே ஆபத்தில் இறங்கியிருந்தால் உதவாது. இரண்டு நடைக்கும் கிளம்பும் முன் எந்தப் பாதை, எந்த நிறச் சட்டை, எத்தனை மணிக்குள் போன் வரவில்லை என்றால் 911 அழைக்க வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். நெற்றி விளக்கில் லித்தியம் பேட்டரி போடுங்கள், சாதா பேட்டரி இந்தக் குளிரில் சீக்கிரம் மங்கிவிடும். மாற்று பேட்டரியும் போனோடு உள்சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.